வலப்பக்கம் மட்டும் முரண்டு பிடித்த ஆட்டோ ஸ்டீயரிங்

மூன்று நாள் வேலை கெட்டது. காரணம், நகத்தளவு டெஃப்ளான் டேப்!

ஆட்டோ ஸ்டீயரிங்கை (ஜிபிஎஸ் வழிகாட்ட, சக்கரத்தைத் தானே திருப்பும் அமைப்பு) போட்டால் டிராக்டர் பாம்பு போல நெளிந்தது. இடப்பக்கம் உடனே திரும்பும். வலப்பக்கம் திரும்பச் சொன்னால் யோசித்து, பிறகு ஒரேயடியாக இழுக்கும். வந்த டெக்னீஷியன், சக்கரத்தைத் திருப்பும் எண்ணெயைக் கட்டுப்படுத்துகிற வால்வைத் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. "ஜிபிஎஸ் பிரச்சினை" என்று ஆன்டெனாவை மாற்றிவிட்டுப் போய்விட்டார். சால் அப்படியே கோணல்தான். சிக்னலில் குறை இருந்தால் கோடு இரண்டு பக்கமும் தவறும், ஒரு பக்கம் மட்டும் ஏன் மந்தமாகத் திரும்ப வேண்டும்? இதை அவரிடம் அன்றே கேட்டிருக்கலாம், தோன்றவில்லை.

கையால் ஸ்டீயரிங்கைச் சுற்றினால் இரண்டு பக்கமும் லேசாகத் திரும்பியது. அப்படியானால் பம்ப், சிலிண்டர் இரண்டின் மேலும் சந்தேகம் குறைகிறது. மிஞ்சுவது ஆட்டோ ஸ்டீயரிங்குக்கென்று பொருத்திய வால்வும் அதன் வயரிங்கும். மல்டிமீட்டர் வைத்துப் பார்த்தேன், வால்வை இடம், வலம் நகர்த்தும் இரண்டு காயில்களிலும் (மின்சுருள்) மின்தடை ஏறக்குறைய ஒரே அளவுதான், ஆகக் காயில் மேல் சந்தேகம் இல்லை. அப்புறம் இரண்டு காயில்களின் கனெக்டர்களையும் இடம் மாற்றிச் செருகி, திரையில் உள்ள சோதனைப் பக்கத்தில் இடது, வலது பொத்தான்களை அழுத்தினேன். இப்போது இடது பொத்தானுக்குச் சக்கரம் வலப்பக்கம் போனது, ஆனால் அதே மந்தம். கோளாறு வயரில் இருந்திருந்தால் மந்தம் இடப்பக்கத்துக்கு மாறியிருக்கும். மாறவில்லை, ஆக வால்வுக்குள்தான் ஏதோ சிக்கியிருக்கிறது. (இந்தச் சோதனையை வண்டியை நிறுத்தி வைத்து, சக்கரத்தின் அருகில் யாரும் இல்லாதபோது மட்டும் செய்யுங்கள். கனெக்டரை மறக்காமல் பழையபடி மாற்றுங்கள். இல்லாவிட்டால் ஓட்டும்போது எதிர்ப்பக்கம் திரும்பும்.)

இன்ஜினை அணைத்து, அழுத்தம் இறங்க ஸ்டீயரிங்கை இரண்டு பக்கமும் ஆட்டிவிட்டு வால்வைக் கழற்றினேன். வால்வுக்குள் நகர்ந்து எண்ணெயைத் திருப்பிவிடும் தண்டு, அதாவது ஸ்பூலின் ஓரத்தில் வெள்ளையாக ஒரு இழை. பொருத்தியவர் ஹோஸ் ஃபிட்டிங் மரையில் டெஃப்ளான் டேப் சுற்றியிருக்கிறார்! ஓ-ரிங் (ரப்பர் வளையம்) வைத்து அடைக்கும் ஃபிட்டிங்குக்கு டேப் எதற்கு? பிய்ந்த துண்டு எண்ணெயோடு போய் உட்கார்ந்துவிட்டது. ஹைட்ராலிக் வேலையில் டேப்பை எடுக்கிறவரைக் கண்டால் கையைப் பிடித்து நிறுத்துங்கள்.

சுத்தம் செய்து மாட்டியாயிற்று. தீர்ந்தது என்று நினைத்தால், சக்கரம் விட்டுவிட்டுத் துள்ளியது. இது எண்ணெய்க்குள் புகுந்த காற்றின் வேலை. இன்ஜினைக் குறைந்த வேகத்தில் ஓடவிட்டு, ஸ்டீயரிங்கை இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடிவரை பலமுறை சுற்றிய பிறகே அடங்கியது. எண்ணெய் மட்டமும் இறங்கியிருந்தது, நிரப்பினேன்.

அடுத்த தப்பு என்னுடையது. அவசரத்தில், எண்ணெய் சூடேறும் முன்பே கேலிபரேஷன் (வால்வு நகரும் விதத்தைக் கம்ப்யூட்டர் அளந்து பதிந்துகொள்வது) செய்துவிட்டேன். குளிர்ந்த எண்ணெய் கெட்டி, வால்வு மெதுவாக நகரும். அந்த அளவையே கம்ப்யூட்டர் சரியென்று எடுத்துக்கொண்டதால், சூடான பிறகு மறுபடி நெளிவு! அரை மணி நேரம் ஓட்டிச் சூடாக்கி, திரும்பச் செய்ததும் கோடு நேரானது.

கசிவு தேடும்போது ஹோஸ் மேல் விரலை ஓட்டாதீர்கள், அட்டையை நீட்டிப் பாருங்கள். ஊசிமுனை ஓட்டையில் பீய்ச்சும் எண்ணெய் தோலைத் துளைத்து உள்ளே இறங்கிவிடும். மிச்சத் துண்டு இருக்குமோ என்ற பயத்தில் ஃபில்டரையும் மாற்றிவிட்டேன். ஆன்டெனாவுக்கான பில் மட்டும் தவறாமல் வந்து சேர்ந்தது.