‘பேரிங் போச்சு’ என்று எழுதினால் போதாது

“பம்ப் மோட்டார் பிரேக்டவுன். பேரிங் போச்சு. மாற்றியாச்சு.” ஷிஃப்ட் லாக் புக்கில் இப்படி ஒரு வரியோடு விஷயம் முடிந்துவிடும். பம்ப் நின்றது விளைவு. பேரிங் இறுகியது பழுதின் வகை, அதைத்தான் ஃபெயிலியர் மோடு என்கிறோம். ஏன் இறுகியது என்பது காரணம். அது மட்டும் அந்த வரியில் இல்லை. காரணம் தெரியாமல் மாட்டிய புது பேரிங்கும் அதே வழியில்தான் போகும்.

6313 என்ற எண்ணுள்ள பேரிங்கை எடுத்துக்கொள்ளுங்கள். வெளிவிட்டம் 140 மி.மீ., அகலம் 33 மி.மீ. இரண்டையும் பெருக்கி 0.005 ஆல் பெருக்கினால் ஒரு தடவை வைக்கவேண்டிய கிரீஸ் வரும்: சுமார் 23 கிராம். ஆனால் பல இடங்களில் கை ஓயும்வரை அடிப்பதுதான் வழக்கம். கிரீஸ் மிஞ்சினால் குண்டுகள் அதைக் கடைந்துகொண்டே சுற்றும். சூடேறும், எண்ணெய் பிரிந்து ஓடும், வெறும் சக்கை காய்ந்து நிற்கும். வடிகால் பிளக்கைத் திறக்காமல் அடித்தால் மோட்டாரின் கம்பிச் சுருளான வைண்டிங் பக்கமும் போய்ச் சேரும். கிரீஸ் கன் ஒவ்வொன்றும் ஓர் அழுத்துக்கு வெவ்வேறு அளவு தள்ளும். பத்து அழுத்து காகிதத்தில் அடித்து, எடை போட்டு, பத்தால் வகுத்து வரும் கிராமை அந்தக் கன் மேலேயே எழுதி ஒட்டுங்கள்.

கழற்றிய பேரிங்கை உடனே ஸ்கிராப்பில் போடாதீர்கள். அறுத்துப் பாருங்கள். வெளி வளையத்தில் குண்டு ஓடிய தடம் சாய்ந்திருந்தால் அலைன்மென்ட்டையும் பேரிங் நேராக உட்கார்ந்திருந்ததா என்பதையும் சந்தேகிக்க வேண்டும். துவைக்கும் பலகைபோல வரிவரியாக இருந்தால் தண்டு வழியே மின்சாரம் பாய்ந்திருக்கிறது. விஎஃப்டி (மோட்டாரின் வேகத்தை மாற்றும் மின்னணுக் கருவி) போட்ட மோட்டார்களில் இது அடிக்கடி வரும். காரணம் என்ற கட்டத்தில் எழுத வேண்டியது இதைத்தான்.

அடுத்த குழப்பம் எம்டிபிஎஃப் (இரண்டு பழுதுகளுக்கு நடுவே சராசரியாக ஓடும் நேரம்), எம்டிடிஆர் (ஒரு பழுதைச் சரிசெய்யச் சராசரியாக ஆகும் நேரம்). மாதம் 720 மணி நேரம், மூன்று பிரேக்டவுன், மொத்தம் 18 மணி நேரம் நின்றது என்றால், ஓடிய 702 மணியை மூன்றால் வகுக்க எம்டிபிஎஃப் 234 மணி. எம்டிடிஆர் 6 மணி. அவெய்லபிலிட்டி, அதாவது மொத்த நேரத்தில் ஓடிய பங்கு, 97.5 சதவீதம். கணக்கு இவ்வளவுதான். ஆனால் எம்டிபிஎஃப் 234 என்றால் இயந்திரம் 234 மணி நேரம் உறுதியாக ஓடும் என்று அர்த்தமில்லை. பழுது எப்போது வேண்டுமானாலும் வரக்கூடிய வகையாக இருந்தால், அந்த நேரத்தைத் தாண்டி ஓடும் வாய்ப்பு 37 சதவீதம்தான்.

எம்டிடிஆரில் நடப்பது இதைவிட அநியாயம். 6 மணியில் 4 மணி நேரம் ஸ்டோர்ஸில் பேரிங் தேடுவதில் போயிருக்கும். ஃபிட்டர் கை வைத்து வேலை செய்தது 2 மணி நேரம். மீட்டிங்கில் காட்டுவது 6, திட்டு வாங்குவது ஃபிட்டர். காத்திருந்த நேரத்துக்கும் வேலை செய்த நேரத்துக்கும் தனித்தனிக் கட்டம் கட்டாயம் வேண்டும்.

பி-எஃப் இடைவெளி என்பது பழுதின் முதல் அறிகுறியைக் கண்டுபிடிக்க முடிகிற புள்ளியிலிருந்து இயந்திரம் செயலிழப்பதுவரை உள்ள காலம். பேரிங்கில் அதிர்வு அளவீடு முதலில் காட்டிக்கொடுக்கும், காதுக்குச் சத்தம் பிறகு, கைக்குச் சூடு அதற்கும் பிறகு. இந்த இடைவெளி 42 நாள் என்று வையுங்கள். 30 நாளுக்கு ஒருமுறை அதிர்வு பார்த்தால், மோசமான நிலையில் கையில் மிஞ்சுவது 12 நாள். பேரிங் வந்து சேர மூன்று வாரம் ஆகும் என்றால் முன்னாலேயே தெரிந்தும் பயனில்லை. ஒன்று, அளவெடுப்பதை நெருக்க வேண்டும். இல்லையென்றால் ஒரு பேரிங் ஸ்டோர்ஸில் இருக்க வேண்டும். பிரிடிக்டிவ் மெயின்டெனன்ஸ் என்று கருவி வாங்கிவிட்டு இந்தக் கழித்தலைப் போடாத ஆலைகள் நிறைய.

‘எதையும் வருடம் ஒருமுறை பிரித்துப் பார்த்துவிட்டால் நல்லது’ என்ற நம்பிக்கையை 1978இலேயே யுனைடெட் ஏர்லைன்ஸைச் சேர்ந்த நோலன், ஹீப் இருவரும் விமானப் பாகங்களை வைத்து உடைத்துவிட்டார்கள். அவர்கள் பார்த்த பாகங்களில் 68 சதவீதம், புதிதாக மாட்டிய உடனேதான் அதிகம் பழுதாகும் வகை. ஆலை இயந்திரங்களுக்கு அதே சதவீதத்தைப் போடக்கூடாது. ஆனால் நன்றாக ஓடுவதைத் தேவையில்லாமல் பிரிப்பதும் ஒரு ஆபத்து என்பது இங்கேயும் பொருந்தும்.

கடைசியாக, அசெட் ரெஜிஸ்டர், அதாவது ஆலையின் இயந்திரப் பதிவேடு. பி-101ஏ என்பது பம்ப் இருக்கும் இடத்தின் பெயர். அங்கே ஓடும் மோட்டார் வேறு பொருள். இன்று எரிந்தால் ரீவைண்டிங்குக்குப் போகும், திரும்பி வந்து நாளை வேறொரு பம்பில் உட்காரும். வரலாற்றை இடத்தின் பெயரில் மட்டும் எழுதினால், ஒரே மோட்டார் மூன்று இடங்களில் மூன்று தடவை எரிந்தது யார் கண்ணிலும் படாது. பழைய வைண்டிங்கை அளவுக்கு மீறிச் சூடாக்கி எடுத்தால், அது சுற்றியிருந்த இரும்புக் கோர் கெட்டு, மோட்டார் கூடுதல் சூட்டில் ஓடும். இன்னொரு தடவை சுற்றுவதா, புதிது வாங்குவதா என்பதை அந்த மோட்டாரின் சொந்த வரலாறுதான் சொல்லும். அதனால் இடத்துக்கு ஒரு எண், மோட்டாருக்கு ஒரு எண். மோட்டாரின் எண்ணை உடம்பில் பஞ்ச் அடித்துவிடுங்கள். பெயின்டில் எழுதினால், ரீவைண்டிங் பட்டறையில் புதுப் பெயின்ட் அடித்துத் தரும்போது எண்ணும் அடியில் போய்விடும்.