ரெண்டு ஆண் அபிஸ்டோ, ஒரே டேங்க் – 9 வாரம் பார்த்தது

மொதல்லயே சொல்லிடுறேன், இப்போ என் ரெண்டு ஆண் அபிஸ்டோ மீனும் ஒரே தண்ணில தான் இருக்காங்க, யாருக்கும் ஃபின்ல கிழிசல் இல்ல, ரெண்டு பேரும் நல்லா சாப்பிடுறாங்க. ஆனா இந்த நெலமைக்கு வர்றதுக்குள்ள ஒருத்தன கிட்டத்தட்ட சாகவிட்டுட்டேன், அது முழுக்க என் தப்பு தான், அதனால நடந்தத அப்படியே எழுதி வைக்கிறேன்.

மீன் காக்கட்டூ அபிஸ்டோ. அமேசான் பக்கத்து குட்டி சிக்லிட் வகை மீன், ஆண் 8 செ.மீ. வரைக்கும் வளரும், பெண் 5 செ.மீ. தான். ஆணுக்கு முதுகு ஃபின்னோட முன்பக்கம் சில முள்ளு மட்டும் நீளமா கொண்டை மாதிரி நிக்கும், அதனால தான் அந்த கிளியோட பேரு. ஆண் பெரிசா ஒரு ஏரியா பிடிச்சு வச்சிருக்கும், அதுக்குள்ள பெண்ணுங்க ஆளுக்கு ஒரு குகைய பிடிச்சுக்கும். அப்போ இன்னொரு ஆண் உள்ள வந்தா இடமும் போச்சு, பொண்ணும் போச்சு. அது சும்மா இருக்குமா?

டேங்க் 90 x 45 x 45 செ.மீ., கிட்டத்தட்ட 180 லிட்டர். இத்தூண்டு மீனுக்கு இவ்ளோ தண்ணி இருக்கே, தாராளமா போதும்னு நெனச்சேன். இங்க தான் மொத சறுக்கல். அபிஸ்டோ வாழ்றது தரையில, அதுக்கு மேல நிக்கிற தண்ணியால சண்டைக்கு ஒரு பிரயோஜனமும் இல்ல, தரை எவ்ளோ இருக்கு, அதுல எவ்ளோ மறைவு இருக்குங்கறது தான் கணக்கு. நானோ பார்க்க அழகா இருக்கணும்னு குகை எல்லாத்தையும் முன் கண்ணாடிய பார்த்து வச்சு, நடுவுல வெறும் மணலா விட்டிருந்தேன். இந்த மூலையில நின்னா அந்த மூலை வரைக்கும் தெரியும்.

மொத ரெண்டு நாள் ஒரு சத்தமும் இல்ல. புது எடம்னு ரெண்டும் பயந்து போய் இருந்திருக்கு, நான் ஒத்துப்போச்சுன்னு எடுத்துக்கிட்டேன்.

நாலாம் நாள் காலைல லைட் போட்டதும் சின்னவன காணோம். தேடி பார்த்தா ஹீட்டருக்கு பின்னாடி, தண்ணிக்கு மேல் மூலையில சாய்ஞ்சு நிக்கிறான், கலர் மொத்தமா போயி உடம்புல அந்த கருப்பு கோடு மட்டும் பளிச்சுன்னு தெரியுது, ஃபின் எல்லாம் உடம்போட ஒட்டி, வால்ல பாதி இல்ல. சாப்பாடு போட்டா ஒரு அடி கீழ இறங்குவான், அந்த கோடியிலேர்ந்து பெரியவன் நேரா வருவான், இவன் திரும்ப மேல போயிடுவான். ஆத்துல தோத்தவன் ரெண்டு அடி தள்ளி செடிக்குள்ள ஓடிட்டா ஜெயிச்சவன் விட்டுடுவான். கண்ணாடிக்குள்ள தோத்தவன் எங்க ஓடுவான்? எங்க போனாலும் கண்ணுக்கு தெரியிறான், இன்னும் போகலியேன்னு இவனும் அடிச்சுக்கிட்டே இருக்கான். அன்னிக்கு அத பார்த்தப்போ எனக்கு மனசே சரியில்ல.

உடனே நடுவுல தடுப்பு வச்சு பிரிச்சேன். ஒருநாள் விட்டு ஒருநாள் 25% தண்ணி மாத்துனேன், பாதாம் இலை ரெண்டு போட்டேன், வேற மருந்து எதுவும் போடல. வால் திரும்ப வர ரெண்டரை வாரம் ஆச்சு.

அந்த ரெண்டரை வாரத்துல தான் ஒன்னு கவனிச்சேன். மொதல்ல வச்ச தடுப்பு ஓட்டை ஓட்டையா இருக்கற பிளாஸ்டிக் கிரில், அது வழியா பெரியவன் நாள் முழுக்க செவுள விரிச்சு காட்டிக்கிட்டே இருந்தான், அந்த பக்கம் சின்னவன் சாப்பிடவே இல்ல. ஒரு பலகைய குறுக்க சொருகி பார்வைய மறைச்சேன், அஞ்சு நிமிஷத்துல பெரியவன் மணல கிண்ட போயிட்டான். அதே தண்ணி, அதே வாசனை, பார்வை மட்டும் தான் போச்சு. விலங்குகளோட நடத்தைய ஆராய்ஞ்ச நிக்கோ டின்பெர்கன்னு ஒருத்தர், 1973ல நோபல் பரிசு வாங்கினவங்கள்ல ஒருத்தர், ஸ்டிக்கிள்பேக் மீன (முட்டை சீசன்ல ஆணுக்கு வயிறு சிவக்கும்) வச்சு இதத்தான் காட்டியிருக்கார். அச்சு அசல் மீன் மாதிரியே பொம்மை செஞ்சு சிவப்பு வயிறு இல்லாம காட்டினா ஆண் மீன் பெரிசா கண்டுக்கல, மீன் மாதிரியே இல்லாத ஒரு கட்டைக்கு அடியில சிவப்பு பெயின்ட் அடிச்சு காட்டினா பாய்ஞ்சு அடிக்குது. என் டேங்க்ல பலகை வச்சதுக்கு அப்புறம் தான் அது எனக்கு முழுசா புரிஞ்சுது.

அப்புறம் டேங்க மொத்தமா கலைச்சேன். ஒரு நீள டிரிஃப்ட்வுட் கட்டைய முன் கண்ணாடியிலேர்ந்து பின் கண்ணாடி வரைக்கும் குறுக்க போட்டு, மேல ஜாவா ஃபெர்ன் செடி கட்டி, ரெண்டு பக்கமும் புல்லு மாதிரி நீளமா வளர்ற வல்லிஸ்நேரியா நட்டேன். குகை வாய் எல்லாம் ஒன்னுக்கொன்னு முதுகு காட்டுற மாதிரி. தரையில உக்காந்து ஒரு பக்க கண்ணாடியில கண்ண மணல் மட்டத்துக்கு வச்சு பார்த்தேன், அந்த பக்கம் வச்சிருந்த ஒரு வெள்ளை கல்லு தெரிஞ்சா இன்னொரு செடி, திரும்ப பார்க்குறது, இன்னொரு கல்லு, இப்படியே ரெண்டு மணி நேரம் போச்சு. இந்த வேலைய தயவுசெஞ்சு யாரும் தவிர்க்காதீங்க, எனக்கு பலன் குடுத்ததுல இது தான் பெருசு. மேல்தண்ணிக்கு 12 பென்சில் ஃபிஷ், அதுங்க நிதானமா சுத்திக்கிட்டு இருந்தா கீழ இருக்கறவனுக்கும் பயம் தெளியுது.

நாலாவது வாரம் சின்னவன மட்டும் உள்ள விட்டேன், பெரியவன வேற டேங்க்ல மூணு நாள் வச்சேன். மூணாவது நாள் ராத்திரி லைட்ட அணைச்சுட்டு தான் அவன விட்டது. அமைப்பும் புதுசு, உள்ள ஏற்கனவே ஒருத்தன் குடியிருக்கான், அவனுக்கு இது என் எடம்னு சொல்ல ஒன்னும் மிச்சம் இல்ல.

மறுநாள் கட்டைக்கு மேல ரெண்டும் மூக்குக்கு மூக்கு பார்த்துச்சு. நான் கையில வலைய வச்சுக்கிட்டு நிக்கிறேன். ரெண்டும் பக்கவாட்டுல திரும்பி, கொண்டைய முழுசா தூக்கி, உடம்ப ஒரு மாதிரி வளைச்சு வால ஓங்கி அடிச்சுதுங்க, ஆனா கடி இல்ல, அந்த வால் தள்ளுன தண்ணில கட்டை மேல இருந்த தூசி எல்லாம் கெளம்பி பறந்துச்சு. ஒரு நிமிஷம் இருக்கும், சின்னவன் ஃபின்ன மடக்கி கட்டைக்கு பின்னாடி எறங்கினான். பெரியவன் கட்டை வரைக்கும் வந்து எட்டி பார்த்தான், ஆள் தெரியல, திரும்பிட்டான். எனக்கு அப்போ தான் மூச்சே வந்துச்சு.

திரும்ப சேர்த்து விட்ட மொத வாரம் ஒரு நாளைக்கு ஏழெட்டு தடவை இப்படி நடந்துச்சு, ஆறாவது வாரத்துல ரெண்டு மூணு தடவை, அதுவும் சில நொடி தான். சாப்பாடு எப்பவும் ரெண்டு கோடியிலயும் ஒரே நேரத்துல போடுறேன், ஒரு பக்கம் மட்டும் போட்டா எல்லைய தாண்ட நாமளே கூப்பிடுற மாதிரி ஆயிடும்.

ஏழாவது வாரம் ஆசைப்பட்டு ஒரு பெண்ண விட்டேன், அவ முட்டைக்கு தயாராகி மஞ்சளா மாறி பெரியவன் பக்கத்து குகைய பிடிச்சதும் எல்லை சின்னவன் பக்கமா நகர ஆரம்பிச்சுது, ரெண்டே நாள்ல அவனுக்கு ஒரு மூலை தான் மிச்சம். பெண்ண வெளிய எடுத்துட்டேன். ஒரு வாரத்துல எல்லை பழையபடி கட்டைக்கே வந்துடுச்சு. இந்த டேங்க்ல இனிமே பெண் கிடையாது.

பீட்டாவுக்கு, அதாவது ஃபைட்டர் மீனுக்கு, இது ஆகாது. எவ்ளோ செடி நட்டாலும் மூச்சு விட அது மேல வந்தே ஆகணும், மேல்மட்டத்துல மறைவுன்னு ஒன்னு நிலையா இருக்காது, அங்க ரெண்டு ஆண் சந்திச்சா முடிஞ்சுது. ஆண் பீகாக் சிக்லிட் மட்டும் நெறைய விட்டு வளர்க்கறது வேற கணக்கு. அங்க பெண்ணே கிடையாது, ஒரே மாதிரி கலர்ல ரெண்டு மீனும் இருக்காது, அடி எல்லார் மேலயும் பிரிஞ்சு விழும். ரெண்டே ரெண்டு ஆண்னா அத்தனையும் ஒருத்தன் தலையில தான், அதனால எண்ணிக்கையில ரெண்டு தான் ரொம்ப மோசம்.

இன்னிக்கு காலைல சின்னவன் கட்டை ஓரத்துல மணல வாயில அள்ளி செவுள் வழியா விட்டுக்கிட்டு இருந்தான், கொண்டை பாதி தூக்கின மாதிரி, வால்ல அந்த ஆரஞ்சு முழுசா வந்துடுச்சு. திரும்ப பிரிக்க வேண்டி வந்தா இருக்கட்டும்னு வச்சிருக்கற பக்கத்து சின்ன டேங்க்ல ஸ்பாஞ்ச் ஃபில்டர் இன்னும் ஓடிக்கிட்டு தான் இருக்கு, அத நான் நிறுத்தப் போறதில்ல.