பழைய ஷெவி வாங்கறதுக்கு முன்னாடி அடியில குனிஞ்சு பாருங்க

அமெரிக்கால எழுபதுகள்ல வந்த ஷெவர்லே (ஷெவி) வி8, அதாவது எட்டு சிலிண்டர் கார் ஏதாச்சும் விலைக்கு வந்தா, விக்கிறவர் "இன்ஜின், கியர்பாக்ஸ் எல்லாமே ஒரிஜினல்"னுதான் சொல்வார், அத அப்படியே நம்பாதீங்க, ஐம்பது வருசத்துல யார் யார் எதெத மாத்தி வச்சாங்களோ. முதல்ல ஆட்டோமேட்டிக் கியர்பாக்ஸுக்கு அடியில இருக்கற ஆயில் பேன (ஆயில் தட்ட) பாருங்க. சதுரத்துல ஒரு மூலைய மட்டும் வெட்டின ஷேப், 13 போல்ட்னா டர்போ 350ங்கற கியர்பாக்ஸ். நீள்சதுரம், 16 போல்ட்னா 700ஆர்4ங்கற கியர்பாக்ஸ், அது 1982லதான் வந்துச்சு, அப்ப 72 மாடல் கார்ல இருந்தா பின்னாடி யாரோ போட்டதுதான். அதுக்காக வேணாம்னு சொல்லல, நாலாவது கியர் ஓவர்டிரைவ் (இன்ஜின் கம்மியா சுத்தற கியர்), ஹைவேல சொகமா போகும், ஆனா கார்புரேட்டர்ல இருந்து கியர்பாக்ஸுக்கு போற டிவி (த்ராட்டில் வால்வ்) கேபிள் சரியா செட் ஆகலைன்னா உள்ள கிளட்ச் எரிஞ்சே போயிடும்.

கியர்பாக்ஸ் ஆயில் பார்க்கறது இன்ஜின் சூடாகி ஓடிட்டிருக்கும்போது, கியர பார்க்ல (P) போட்டு. சிவப்பா இருந்தா ஓகே, பழுப்பாகி கருகின வாடை வந்தா கிளட்ச் தேஞ்சாச்சு, ரோஸ் மில்க் மாதிரி இருந்தா ரேடியேட்டர் தண்ணி உள்ள கலந்திருக்கு, பேசாம கிளம்பிடுங்க.

இன்ஜின் கோட், வலது பக்க சிலிண்டர் ஹெட்டுக்கு முன்னாடி பிளாக்ல குத்தியிருக்கும், கடைசி எழுத்துகள வச்சு எந்த இன்ஜின்னு தேடலாம். (அத அரைச்சுட்டு புதுசா குத்தற ஆளுங்களும் உண்டு!) கம்ப்ரஷன் டெஸ்ட் (சிலிண்டர்ல எவ்ளோ அழுத்தம் வருதுன்னு பார்க்கறது) எடுக்க விடமாட்டேன்னா எனக்கு சந்தேகம்தான்.