ஆக்ஸ்ஃபோர்டில் ஒரு கதவும் ஒரு தூணும்

திருநெல்வேலிச் சீமையின் பழைய ஆங்கிலிக்கன் சபைகளில் வளர்ந்த எவருக்கும் திருவிருந்துக்கு முன் சொல்லும் அந்தத் தாழ்மையின் ஜெபம் மனப்பாடமாக இருக்கும். உமது மேஜையிலிருந்து விழும் துணிக்கைகளைப் பொறுக்குவதற்கும் நாங்கள் பாத்திரரல்ல என்ற பொருளில் வரும் அதை என் தாயார் புத்தகத்தைப் பாராமலேயே, கண்களை மூடிக்கொண்டு, குருவானவருக்கு அரை வார்த்தை முந்தியே சொல்லி முடித்துவிடுவார். 1947-இல் தென்னிந்தியத் திருச்சபை உருவான பிறகு அதன் ஆராதனை முறைமைக்குள்ளும் வந்து சேர்ந்த அந்த ஜெபத்தை முதலில் எழுதியவர் பதினாறாம் நூற்றாண்டு ஆங்கிலேயப் பேராயர் தாமஸ் கிரான்மர் என்பதும், அவர் உயிரோடு எரிக்கப்பட்டவர் என்பதும், எரிக்கப்படுவதற்குச் சில நாட்களுக்கு முன்வரை தமது விசுவாசத்தை மறுத்து எழுதிக் கையொப்பமிட்டுக்கொண்டிருந்தவர் என்பதும் எனக்கு நாற்பது வயதுக்கு மேல்தான் தெரியவந்தன. சென்ற ஆண்டு மார்ச் மாதத்தில் மகள் வீட்டில் தங்கியிருந்தபோது, ஒருநாள் காலையில் ஆக்ஸ்ஃபோர்டுக்குப் புறப்பட்டதற்கு அந்த மூன்றாவது செய்தியே காரணம்.

வழக்கமாக வருகிறவர்கள் முதலில் பார்ப்பது செயின்ட் கைல்ஸ் வீதியின் முனையிலுள்ள இரத்தசாட்சிகளின் நினைவுச் சின்னம். கிரான்மர், அவரைப்போலவே சீர்திருத்தத்தின் பக்கம் நின்ற பேராயர்களான நிக்கலஸ் ரிட்லி, ஹியூ லாட்டிமர் ஆகிய மூவரின் சிலைகளோடு கோபுரம்போல் உயர்ந்து நிற்கும் அது 1843-இல் கட்டி முடிக்கப்பட்டது. சம்பவத்துக்கு மூன்று நூற்றாண்டுகளுக்குப் பின் எழுந்த அந்தக் கல்வேலைப்பாடு அழகாகத்தான் இருக்கிறது, ஆனாலும் என்னை அது தொடவில்லை. அங்கிருந்து சில நிமிட நடையில், பிராட் வீதியின் தார்ச்சாலை நடுவே, உருளைக் கற்களால் பதித்த ஒரு சிலுவை இருக்கிறது. தேடிப் போகிறவர் கண்ணுக்கு மட்டுமே அது தென்படும். அன்று நகர மதிலுக்கு வெளியே அகழியோரமாக இருந்த அந்த இடத்தில், பேலியல் கல்லூரிக்கு எதிரே, 1555 அக்டோபர் 16-ஆம் நாள் லாட்டிமரையும் ரிட்லியையும் ஒரே கம்பத்தில் கட்டி எரித்தார்கள்.

1553-இல் அரியணை ஏறிய மேரி அரசி இங்கிலாந்தை மீண்டும் ரோமத் திருச்சபையோடு இணைக்க முற்பட்டார். திருவிருந்தின் அப்பமும் இரசமும் மெய்யாகவே கிறிஸ்துவின் சரீரமும் இரத்தமுமாக மாறிவிடுகின்றன என்பதை ஒப்புக்கொள்ளாதவர்கள் மதத்துரோகிகளாகத் தீர்க்கப்பட்டார்கள். அவருடைய ஆட்சியில் முந்நூறுக்குச் சற்றுக் குறைவானவர்கள் தீக்கிரையானார்கள். அவர்களில் பலர் நெசவாளர்களும் கூலியாட்களும் விதவைகளுமாகிய எளியவர்கள். கிரான்மர்மீது அரசிக்குச் சொந்த மனத்தாங்கலும் இருந்தது. மேரியின் தாயாகிய கேத்தரினுக்கும் எட்டாம் ஹென்றி மன்னனுக்கும் நடந்த திருமணம் செல்லாது என்று 1533-இல் தீர்ப்புச் சொன்னவர், அந்த ஆண்டில்தான் காண்டர்பரியின் தலைமைப் பேராயரான இதே கிரான்மர்.

லாட்டிமரைப் பற்றிய ஒரு சித்திரம் எனக்கு மிகவும் பிடிக்கும். விசாரணைக்கு வந்தபோது அந்த முதியவர் நைந்துபோன கம்பளி அங்கி அணிந்து, மலிவான தோல் கச்சை கட்டி, அந்தக் கச்சையிலிருந்து நீண்ட தோல்வாரில் புதிய ஏற்பாட்டைத் தொங்கவிட்டு, உறையில்லாத மூக்குக் கண்ணாடியைக் கழுத்தில் மாட்டியிருந்தார் என்று, இந்த இரத்தசாட்சிகளின் வரலாற்றைப் பெரும் நூலாகத் தொகுத்த ஜான் ஃபாக்ஸ் எழுதி வைத்திருக்கிறார். ரிட்லியோ, எரிக்கப்படுவதற்கு முந்தின இரவு உணவின்போது, நாளைக்கு எனக்குக் கலியாணம் என்று சொல்லிச் சிரித்தவர். மறுநாள் கம்பத்தினருகில் தம்மிடமிருந்த ஜாதிக்காயையும் இஞ்சித் துண்டுகளையும்கூடச் சுற்றி நின்றவர்களுக்குப் பகிர்ந்து கொடுத்தார். இங்கிலாந்தில் இன்று நாம் ஏற்றும் மெழுகுவர்த்தி ஒருபோதும் அணையாது என்று லாட்டிமர் சொன்னதாக எல்லாரும் மேற்கோள் காட்டும் வாக்கியம் ஃபாக்ஸின் நூலுடைய 1563-ஆம் ஆண்டு முதற்பதிப்பில் இல்லை, 1570-ஆம் ஆண்டுப் பதிப்பில்தான் வருகிறது. எனவே அந்த வாக்கியத்தைவிட ஜாதிக்காயையே நான் அதிகம் நம்புகிறேன்.

லாட்டிமர் விரைவில் இறந்துவிட்டார். ரிட்லியின் பக்கத்திலோ விறகுக் கட்டுகளை நெருக்கி அடுக்கியிருந்ததால் நெருப்பு கீழேயே கனன்று கால்களை மட்டும் எரித்தது. அவருடைய வேதனையைக் குறைக்க நினைத்த மைத்துனர் மேலும் விறகைக் குவிக்க, அது தீயை இன்னும் அமுக்கிவிட்டது. என்னால் எரிய முடியவில்லை, நெருப்பு என்னிடம் வரட்டும் என்று அவர் கதறினார். கழுத்தில் கட்டியிருந்த வெடிமருந்துப் பையைத் தீ எட்டிய பிறகே எல்லாம் முடிந்தது. சாலை நடுவில் நின்று இதையெல்லாம் நினைக்கும்போது இன்னொன்றையும் மறைக்க எனக்கு மனம் வரவில்லை. 1538-இல் ஜான் ஃபாரஸ்ட் என்ற கத்தோலிக்கத் துறவியை எரித்தபோது பிரசங்கம் செய்தவர் இதே லாட்டிமர். 1550-இல் ஜோன் போச்சர் என்ற பெண் எரிக்கப்பட்டபோது திருச்சபையின் தலைமையில் இருந்தவர் கிரான்மர். இரத்தசாட்சிகள் என்று நாம் வணங்கிப் பேசுகிறவர்களின் கைகளிலும் சாம்பல் ஒட்டியிருந்தது.

பிராட் வீதியின் மேற்குக் கோடியைத் தாண்டினால் செயின்ட் மைக்கேல் ஆலயம். அதன் கற்கோபுரம் நார்மானியர் வருகைக்கும் முந்தியது. அதையொட்டி நின்ற வடக்கு வாசலின் மேல்தான் பொகார்டோ என்னும் சிறை இருந்தது; 1771-இல் வாசலையும் சிறையையும் இடித்துவிட்டார்கள். மூவரும் அடைபட்டிருந்த அறையின் கதவு மட்டும் கோபுரத்தினுள் வைக்கப்பட்டிருக்கிறது. கனத்த பழைய மரமும் இரும்புமான அந்தக் கதவின் முன் நான் நெடுநேரம் நின்றேன். நண்பர்கள் இருவரும் எரிவதைக் கிரான்மர் உயரத்திலிருந்து பார்க்கும்படி செய்தார்கள் என்பது இங்கே வழிவழியாகச் சொல்லப்படுவது. அதற்குப் பின் அவர் தனியானார். அறுபத்தாறு வயது, நீண்ட சிறைவாசம், ஓயாமல் வாதிட்டு வற்புறுத்தும் துறவிகள், இடையில் சில வாரம் கல்லூரித் தலைவர் வீட்டில் கிடைத்த இதமான வாழ்வு, பிறகு மீண்டும் சிறை. ஒன்றன்பின் ஒன்றாக ஆறு பத்திரங்களில் அவர் கையொப்பமிட்டார். கடைசியானவற்றில் தாம் போதித்த யாவற்றையும் தவறென்று எழுதிக்கொடுத்தார். மனந்திரும்பியவரைக் கொல்லாமல் விடுவதே அக்கால வழக்கம் என்றபோதிலும் அவருக்கு மட்டும் அந்தச் சலுகை கிடைக்கவில்லை.

இயேசுவை அறியேன் என்று மூன்றுமுறை மறுதலித்த பேதுருவுக்குச் சேவல் கூவியது. அவன் வெளியே போய் மனங்கசந்து அழுதான். கிரான்மர் வெளியே போவதற்கு இந்தக் கதவு வழிவிடவில்லை. எங்கள் ஊர்ப் பிரசங்கங்களில் லாட்டிமரின் மெழுகுவர்த்தியைப் பலமுறை கேட்டிருக்கிறேன். அந்த ஆறு கையொப்பங்களைப் பற்றி ஒருமுறைகூடக் கேட்டதில்லை. கேட்டிருந்தால், பயந்து வாய்மூடி நின்ற என் சொந்த நாட்களில் சிறிது தேறுதல் கிடைத்திருக்கும்.

மதியத்துக்குமேல் ஹை வீதியிலுள்ள செயின்ட் மேரி ஆலயத்துக்குச் சென்றேன். 1556 மார்ச் 21-ஆம் நாள் மழை பெய்ததால், எரிக்கும் இடத்தில் நடக்கவேண்டிய பிரசங்கத்தை இந்த ஆலயத்துக்குள் வைத்துக்கொண்டார்கள். கிரான்மரை நிறுத்துவதற்காக ஒரு மேடை அமைத்தார்கள். அந்த மேடையைத் தாங்குவதற்குத் தூணில் வெட்டியதாகக் காட்டப்படும் பள்ளம் பிரசங்க பீடத்துக்கு எதிரே இன்றும் இருக்கிறது. விரலால் தடவிப் பார்த்தேன். அலங்காரமாகச் செதுக்கிய தூணில், தச்சன் தன் வேலைக்காக அவசரமாகக் கொத்திவிட்டுப் போன வெட்டு அது. அந்த மேடையில் ஏறித் தம் மறுப்பை மக்கள் முன் அவர் உறுதிப்படுத்துவார் என்று எல்லாரும் காத்திருந்தார்கள். அவர் ஜெபித்தார், ராஜவிசுவாசத்தைப் பற்றியும் ஏழைகளுக்கு உதவுவதைப் பற்றியும் பேசினார், பிறகு தம் மனச்சாட்சியை எல்லாவற்றையும்விட அதிகமாக வருத்துகிற காரியத்துக்கு வந்தார்: சாவுக்குப் பயந்து, இருதயம் நம்பியதற்கு மாறாகத் தம் கை எழுதியதென்றும், ஆகவே அந்தக் கையே முதலில் தண்டனை பெறுமென்றும் சொன்னார். கூச்சல் எழுந்தது. அவரை மேடையிலிருந்து இழுத்து இறக்கினார்கள்.

சொன்னபடியே அவர் வலது கையை முதலில் நெருப்பில் நீட்டினார் என்பதற்கு, அவருடைய கொள்கையை வெறுத்த கத்தோலிக்கர் ஒருவர் நேரில் பார்த்து எழுதிய கடிதமே சாட்சி. இதே ஆலயத்தில் இப்போது இரு தரப்பிலும் மாண்டவர்களின் பெயர்களை ஒரே கல்லில் சேர்த்துப் பொறித்து வைத்திருக்கிறார்கள். கிரான்மரின் பெயரைக் கண்டுபிடித்து, அதன் முன் என் தாயாரின் ஜெபத்தைத் தமிழில் மெல்லச் சொன்னேன். பாத்திரரல்ல என்ற சொல் வந்ததும் குரல் தடுமாறியது. அதை எழுதியபோது அவர் சிறையைக் கண்டவரல்லர், தலைமைப் பேராயராக உச்சத்தில் இருந்தவர்.

ஆலயத்திலிருந்து அவர் கம்பத்தை நோக்கி நடந்த வேகத்துக்கு உடன்சென்றவர்களால் ஈடுகொடுக்க முடியவில்லை என்கிறார்கள். தூறல் விழுந்துகொண்டிருந்தது. முழங்கால் வலியோடு நான் ராட்கிளிஃப் சதுக்கம் வழியாக மீண்டும் பிராட் வீதிக்கு வர நெடுநேரம் ஆயிற்று. காலையில் மங்கலாகத் தெரிந்த சிலுவைக் கற்கள் இப்போது நனைந்து பளபளத்தன. குனிந்து தொடப் போனேன். மிதிவண்டியில் வந்த மாணவர் ஒருவர் மணியடித்தார், விலகி வழிவிட்டேன்.