பெர்மிட் காணியும் மூன்று மாதப் பயிரும்

எங்கள் வீட்டுக் காணிப் பத்திரங்கள் ஒரு பழைய பிஸ்கட் பேணிக்குள் இருக்கின்றன. 1990இல் குச்சவெளிப் பக்கத்திலிருந்து திருகோணமலை நகருக்கு ஓடிவந்தபோது கையில் அகப்பட்டவற்றுள் அந்தப் பேணியும் ஒன்று. உள்ளே இருப்பவை இரண்டு பத்திரங்கள். ஒன்று, அம்மாவின் சீதனக் காணிக்கு நொத்தாரிசு எழுதிய உறுதி. பேர்ச் கணக்கில் மிகச் சிறியது. மற்றது, அரச காணியைப் பகிர்ந்தளிக்கும் காணிக் கச்சேரியில் அப்பா பெற்ற இரண்டு ஏக்கருக்கான அனுமதிப்பத்திரம், ஊர்ப்பேச்சில் பெர்மிட். மடிப்புகள் கிழிந்து, பின்புறம் டேப் ஒட்டப்பட்டு, ஒட்டிய இடமெல்லாம் மஞ்சளாகிக் கிடக்கிறது. எல்லைகள் அதில் இப்படி எழுதப்பட்டுள்ளன: வடக்கே அரச காணி, மேற்கே அரச காணி, கிழக்கே வீதி, தெற்கே மாமாவின் பெயருக்கு வழங்கப்பட்ட அரச காணி. நடுவிலிருக்கும் அப்பாவின் இரண்டு ஏக்கரும் அரச காணிதான் என்பது எனக்கு வெகுகாலம் கழித்தே விளங்கியது.

ஊரில் இந்த வேறுபாடு எல்லோருக்கும் தெரியும். பெண் பார்க்க வருபவர்களும் “உறுதிக் காணியா, பெர்மிட் காணியா” என்று கேட்டுவிட்டுத்தான் தேநீரைக் கையில் எடுப்பார்கள். பெர்மிட் காணியை 1935ஆம் ஆண்டின் 19ஆம் இலக்கக் காணி அபிவிருத்திக் கட்டளைச் சட்டம் ஆள்கிறது. அதன்படி காணி பெற்றவர் அதில் குடியிருக்கலாம், பயிர் செய்யலாம். ஆனால் பிரதேச செயலாளரின் சம்மதமின்றி அதைக் கைமாற்ற முடியாது, நினைத்தபடி துண்டாட முடியாது, நிபந்தனையை மீறினால் பத்திரமே இரத்தாகலாம். தனக்குப் பின் காணியைப் பெறும் பின்னுரித்தாளரை நியமிக்காமல் ஒருவர் இறந்துவிட்டால் யாருக்குக் காணி போகும் என்பதையும் சட்டமே வரிசைப்படுத்தி வைத்திருந்தது. 2022ஆம் ஆண்டுத் திருத்தம் வரும்வரை அந்த வரிசையில் மகளுக்கு முன்னால் மகன் நின்றான். இந்தக் கட்டுப்பாடுகளுக்கு ஒரு நியாயம் இருந்தது என்பதையும் சொல்லத்தான் வேண்டும். குடியேற்றப்பட்ட ஏழை விவசாயி முதல் வறட்சியிலேயே காணியை வட்டிக்காரனிடம் இழந்துவிடக் கூடாது என்பதே அன்று சட்டம் செய்தவர்களின் கவலை. அந்தக் கவலை பொய்யானதன்று. ஆனால் தொண்ணூறு ஆண்டுகளாக ஒருவரைப் பராயமடையாத பிள்ளையாகவே நடத்திக்கொண்டிருப்பதற்கு அது போதுமான காரணமுமன்று.

எதேச்சாதிகார அரசுகளில் தனியார் சொத்து எப்படி வாழ்கிறது என்று படிக்கத் தொடங்கியபோது, அப்பாவின் அனுமதிப்பத்திரம் அடிக்கடி என் நினைவுக்கு வந்தது. அத்தகைய அரசுகள் சொத்தையே ஒழித்துவிடும் என்று நாம் எண்ணுகிறோம். சோவியத் ஒன்றியம் ஏறத்தாழ அப்படிச் செய்தது. இன்றைய அரசுகள் பெரும்பாலும் அந்தச் சிரமத்தை மேற்கொள்வதில்லை. உரிமையை அனுமதியாக மாற்றிவிட்டால், பறிக்க வேண்டிய தேவையே அநேகமாக எழாது. சீனாவில் நகர நிலம் முழுவதும் அரசுக்குச் சொந்தம். கிராம நிலம் கூட்டுடைமை. 1988இல் அரசியலமைப்பைத் திருத்தி, நிலத்தையன்றி நிலத்தைப் பயன்படுத்தும் உரிமையை மட்டும் விற்கவும் வாங்கவும் வழி செய்தார்கள். வீட்டு நிலத்துக்கு அந்த உரிமை எழுபது ஆண்டு. அடுக்குமாடி வீட்டுக்காக வாழ்நாள் சேமிப்பைக் கொடுக்கும் சீனக் குடும்பமும், நம்மூர்க் கணக்கில், ஒரு நீண்ட பெர்மிட்டைத்தான் வாங்குகிறது.

நிலத்தைப் பயன்படுத்தும் உரிமை என்ற சிறிய விரிசல்கூட எத்தனை பெரிய மாற்றத்தைக் கொண்டுவரும் என்பதற்குச் சியாகாங் என்ற கிராமம் சாட்சி. 1978இன் இறுதியில் அன்ஹுயி மாகாணத்தின் அந்த ஊரில் பதினெட்டு விவசாயிகள் இரகசியமாகக் கூடி, கூட்டுப் பண்ணை நிலத்தைத் தங்களுக்குள் குடும்பவாரியாகப் பிரித்துக்கொண்டு, ஒரு தாளில் கைநாட்டு வைத்தார்கள். பிடிபட்டுச் சிறை செல்ல நேர்ந்தால், எஞ்சியவர்கள் அவர்களுடைய பிள்ளைகளைப் பதினெட்டு வயதுவரை வளர்க்க வேண்டும் என்பதும் அந்தத் தாளில் இருந்தது. அடுத்த ஆண்டு விளைச்சல் பன்மடங்கானது. அரசும் பின்னர் அந்த முறையையே நாடெங்கும் ஏற்றுக்கொண்டது. ஆயினும் நிலம் அவர்களுடையதாகவில்லை. கிராம நிலத்தை நகர விரிவாக்கத்துக்கு எடுக்கும்போது உள்ளூராட்சி விவசாயிக்கு ஓர் இழப்பீட்டைக் கொடுத்துவிட்டு, அதே நிலத்தின் பயன்பாட்டு உரிமையைக் கட்டட நிறுவனங்களுக்குப் பல மடங்கு விலைக்கு விற்றது. இரண்டு விலைக்கும் இடையிலிருந்த தொகை உள்ளூராட்சிகளின் முக்கிய வருமானங்களில் ஒன்றானது. ‘சட்டபூர்வமான தனியார் சொத்து மீறப்படலாகாது’ என்று 2004இல் அரசியலமைப்பிலேயே எழுதிய பின்னரும் இது தொடர்ந்தது.

இலங்கையைச் சீனாவோடு ஒப்பிடுவதாக யாரும் கோபிக்க வேண்டாம். இங்கே தேர்தல் உண்டு, நீதிமன்றம் உண்டு. ஆனாலும் இத்தீவின் நிலத்தில் ஐந்தில் நான்கு பங்குக்கு மேல் அரசுடையது, அது ஜனநாயகத்தோடு வந்த ஏற்பாடுமன்று. 1840இல் ஆங்கிலேயர் இயற்றிய கட்டளைச் சட்டம், காடாகவும் தரிசாகவும் பயிரிடப்படாமலும் கிடக்கும் நிலமெல்லாம், வேறொருவருடையது என நிரூபிக்கப்படும்வரை, முடிக்குரியது என்று கொண்டது. நிரூபிக்க வேண்டிய பாரம் காடு வெட்டிச் சேனைப் பயிர் செய்தவன் தலையில் விழுந்தது. ஆங்கிலேயர் போனார்கள், அந்த ஊகம் போகவில்லை. 1978ஆம் ஆண்டு அரசியலமைப்பின் அடிப்படை உரிமைகளுள் சொத்துரிமை இல்லை. இந்தியாவும் அதே 1978இல்தான் தன் நாற்பத்து நான்காவது திருத்தத்தால் சொத்துரிமையை அடிப்படை உரிமைப் பட்டியலிலிருந்து இறக்கி, சாதாரண அரசியலமைப்பு உரிமையாக்கியது.

திருகோணமலை மாவட்டத்துச் சம்பூர் நமக்கு அருகிலேயே இருக்கிறது. 2006இல் போரால் அந்த மக்கள் இடம்பெயர்ந்தார்கள். 2007இல் அவர்களுடைய ஊர் உயர் பாதுகாப்பு வலயமாக வர்த்தமானியில் அறிவிக்கப்பட்டது. பாதுகாப்பு என்ற காரணம் தேய்ந்தபோது அபிவிருத்தி என்ற காரணம் வந்தது. அனல் மின் நிலையம், முதலீட்டு வலயம் என்று பெயர்கள் மாறின. 2015இல் 818 ஏக்கர் மீதான அறிவித்தல் இரத்துச் செய்யப்பட்டது. கடற்படை வசமிருந்த காணி 2016இல் விடுவிக்கப்பட்டது. அனல் மின் நிலையம் கடைசிவரை கட்டப்படவேயில்லை. உறுதிக்காரரும் பெர்மிட்காரரும் அதற்காக ஒன்பது, பத்து ஆண்டுகள் முகாமிலும் உறவினர் வீட்டிலும் இருந்தார்கள். காரணம் மாறலாம், அமைச்சு மாறலாம். ‘முடியாது’ என்று சொல்லும் அதிகாரம் காணிக்காரரிடம் இல்லாதவரை பத்திரத்தின் வகை பெரிய வேறுபாட்டை ஏற்படுத்துவதில்லை.

இடதுசாரி நண்பர் ஒருவர், சொத்துரிமை பணக்காரனின் கோஷம் என்பார். 1972ஆம் ஆண்டுக் காணிச் சீர்திருத்தம் ஒருவருக்கு ஐம்பது ஏக்கர், வயலாயின் இருபத்தைந்து ஏக்கர் என்று உச்சவரம்பு வைத்தபோது நிலம் இழந்தவர்களுக்காக நானும் கண்ணீர் விடப்போவதில்லை. ஆனால் 1975இல் கம்பனித் தோட்டங்களும் அரசின் கைக்குப் போனபோது தோட்டத் தொழிலாளரின் வரிசை வீடுகளான லயத்தில் இருந்தவர்கள் லயத்திலேயே இருந்தார்கள். உரிமையாளர் மாறினார், அவ்வளவுதான். செல்வாக்குள்ளவருக்கு நம்மூரில் உறுதி இல்லாவிட்டாலும் ஒரு தொலைபேசி இலக்கம் இருக்கும். பத்திரத்தை மட்டுமே நம்பியிருப்பவர் மற்றவர்தான்.

மாமாவைப் போல. அவருடைய காணியின் வடமேல் மூலையில், வீட்டிலிருந்து பார்த்தால் தெரியும் தூரத்தில், சில ஆண்டுகளுக்கு முன் ஒரு திணைக்களம் எல்லைக்கல் ஒன்றை நட்டுவிட்டுப் போனது. முழங்கால் உயரக் கொங்கிரீட் கல், தலையில் சிவப்புப் பூச்சு. அறிவித்தல் எதுவும் வரவில்லை. கொடுத்த கடிதங்களுக்கு ‘பரிசீலனையில் உள்ளது’ என்ற பதில் மட்டும் ஒரு முறை வந்தது. கல்லுக்கு அந்தப் பக்கம் முக்கால் ஏக்கர். அங்கே தென்னை வைக்க வேண்டுமென்று மாமா குழிகூட வெட்டியிருந்தார். தென்னை காய்க்க ஐந்தாறு வருடம் செல்லும். குழிகளை மூடிவிட்டுச் சின்ன வெங்காயம் நட்டார். மூன்று மாதத்துக்குள் பிடுங்கிக் காசாக்கிவிடலாம். பாதுகாப்பற்ற உரிமை முதலீட்டைக் குறைக்கும் என்று பொருளியலாளர் எழுதுவதை நான் அந்த வெங்காயப் பாத்தியைப் பார்த்துத்தான் புரிந்துகொண்டேன்.

2024இல் ‘உறுமய’ என்ற திட்டம் வந்தது. இருபது இலட்சம் பெர்மிட்காரருக்கு முழு உரிமையுள்ள உறுதி என்றார்கள். வரவேற்கத்தக்கதே, ஆயினும் தேர்தல் ஆண்டில் மேடையமைத்து, ஆட்சியாளர் கையால் உறுதி வழங்கி, வாங்குபவர் குனிந்து நிற்கப் படமெடுத்தது எனக்கு உவப்பாக இல்லை. உழைத்துத் திருத்திய காணி அன்பளிப்பாகக் கிடைப்பது எப்படி? இருந்தும், அப்பாவுக்காகவும் மாமாவுக்காகவும் படிவங்களை நானே வாங்கிவந்து நிரப்பினேன். எல்லைகளை எழுதும் இடம் வந்தபோது மாமா கண்ணாடியைக் கழற்றிவிட்டுக் கேட்டார்:

“மருமோன், முழு உறுதி தந்தா அந்தக் கல்லையும் அவையே வந்து புடுங்குவினமோ?”

படிவத்தைத் திருப்பித் திருப்பிப் பார்த்தேன். வடக்கு எல்லைக்கு நேரே அப்பாவின் பெயரை எழுதிவிட்டு, கையொப்பத்துக்கு அவரிடம் நீட்டினேன்.