தன்னைத் தானே அசெம்பிள் செய்யும் 6502

ஜூன் 7
பலகையில் இருப்பது 1 மெகாஹெர்ட்ஸில் ஓடும் 6502 என்ற எட்டு பிட் செயலி, 32 கிலோபைட் ராம், ஒரு சீரியல் இணைப்பு. இதற்குள்ளேயே ஓடும் ஒரு அசெம்பிளர் வேண்டும், அதாவது கட்டளைப் பெயர்களில் எழுதிய நிரலைச் செயலிக்குப் புரியும் எண்களாக மாற்றும் நிரல். தன் மூல நிரலை அதுவே அசெம்பிள் செய்துகொள்ள வேண்டும். முதல் பிரதிக்கு மட்டும் லேப்டாப்பில் உள்ள அசெம்பிளரின் உதவி. இரண்டு அசெம்பிளருக்கும் புரிகிறதை மட்டும்தான் எழுதலாம் என்பதால் மேக்ரோ (பல வரிகளை ஒரே பெயரில் சுருக்கும் வசதி) கிடையாது.

ஜூன் 11
6502-க்கு மொத்தம் 56 கட்டளைகள், எல்லாப் பெயரும் மூன்றெழுத்து. எழுத்துக்கு 5 பிட் என்றால் 15 பிட், இரண்டு பைட்டில் அடங்கிவிடும். ஆப்பிள் II கணினியின் ரோமில் அதை வடிவமைத்த வோஸ்னியாக் கையாண்ட அதே வழி. 168 பைட் அட்டவணை 112 ஆகிறது.

ஆப்கோடு, அதாவது செயலி படிக்கும் கட்டளை எண், இன்னும் அழகு. எட்டு பிட்டை 3, 3, 2 என்று பிரித்தால் எல்டிஏ-வுக்கு (ஒரு மதிப்பை ஏற்றும் கட்டளை) 101, நேரடி எண்ணுக்கு 010, கட்டளைக் குழுவுக்கு 01. சேர்த்தால் 10101001, பதினாறடிமான எண்ணில் ஏ9. நடுவில் 001 போட்டால் ஸீரோ பேஜ் (நினைவகத்தின் முதல் 256 பைட்), ஏ5. 1975-இல் கையால் வரைந்த சிப்பில் இவ்வளவு ஒழுங்கு! மற்ற குழுக்களில் விதிவிலக்குகள் உண்டு. அவற்றைத் தனியாகப் பார்க்க வேண்டும்.

ஜூன் 20
இந்த வேலையின் கடினமான இடம் இதுதான். அசெம்பிளர் மூல நிரலை இரண்டு சுற்றாகப் படிக்கும். ஒரு லேபிளின் (நிரலில் ஒரு முகவரிக்கு வைக்கும் பெயர்) முகவரி 256-க்குள் இருந்தால் கட்டளை 2 பைட், இல்லையென்றால் 3. லேபிள் பின்னால்தான் வரப்போகிறது என்றால் முதல் சுற்றில் முகவரி தெரியாது, 3 என்று வைத்துக்கொள்கிறோம். இரண்டாம் சுற்றில் அது ஸீரோ பேஜ் என்று தெரிந்து 2 பைட்டாகச் சுருக்கினால், அதற்குப் பின்னால் உள்ள அத்தனை லேபிளும் முதல் சுற்றில் குறித்த இடத்திலிருந்து ஒரு பைட் முன்னால் நகர்ந்துவிடும். தீர்வு: ஒவ்வொரு லேபிளுக்கும் ஒரு கொடி, ஆம் அல்லது இல்லை என்று காட்டும் குறி. சுற்று தொடங்கும்போது எல்லாக் கொடியும் இறங்கும். லேபிள் வரையறுக்கப்படும் வரியில் ஏறும். கொடி ஏறாத லேபிள் என்றால், முகவரி தெரிந்திருந்தாலும் 3 பைட்தான். இரண்டு சுற்றும் ஒரே முடிவை எடுக்கும்.

ஜூலை 4
மூல நிரல் ராமில் கொள்ளாது. அதனால் சுற்றுக்கு ஒரு முறை சீரியலில் முழுவதையும் அனுப்புகிறேன். லேப்டாப் செய்த பிரதி பலகையில் ஓடி, தன்னையே அசெம்பிள் செய்தது. வந்த பிரதியை ஏற்றி மறுபடி அதையே செய்யவைத்தேன். மூன்றும் பைட்டுக்குப் பைட் ஒன்று! அவ்வளவு சந்தோஷமாக இருந்தது.

ஜூலை 9
மேற்கோள் குறிக்குள் எழுத்துகளை அப்படியே தரும் வசதியைச் சேர்த்தேன். ஆனால் அதே மூலத்தில் அதை உடனே பயன்படுத்த முடியாது, பழைய பிரதிக்குப் புரியாதே. முதலில் பழையதை வைத்துப் புதியதை உருவாக்கி, அப்புறம்தான் பிழைச் செய்திகளை எண்களிலிருந்து எழுத்துகளுக்கு மாற்றினேன். லேப்டாப்பின் அசெம்பிளரை இனி அழைக்க வேண்டியதில்லை. அடுத்து மேக்ரோ.