சாப்பிட மாட்டேன் என்கிற பிள்ளைக்கு

பிறந்த எடை ஒரு வயதில் ஏறக்குறைய மூன்று மடங்காகிவிடும். அதற்கடுத்த வருடம் முழுக்க ஏறுவது இரண்டு, இரண்டரை கிலோதான். வளர்ச்சி மெதுவாகும்போது பசியும் குறையும். இது தெரியாமல் எத்தனை வீடுகளில் கிண்ணத்தோடு பிள்ளை பின்னால் ஓடுகிறோம்!

எலின் சாட்டர் என்ற அமெரிக்க உணவியல் நிபுணர் சொன்ன முறை எனக்கு மிகவும் பிடிக்கும். என்ன உணவு, எப்போது, எங்கே என்பது பெரியவர்கள் பொறுப்பு. சாப்பிடுவதா, எவ்வளவு என்பது பிள்ளையின் பொறுப்பு. "இன்னும் ஒரே ஒரு வாய்" என்ற கெஞ்சல் கிடையாது. காய் சாப்பிட்டால் சாக்லேட் என்ற பேரமும் வேண்டாம், அது காயைத் தண்டனையாக்கிவிடும்.

எங்கள் வீட்டில் பருப்பு சாதத்துக்குப் பக்கத்தில் கொஞ்சமே கொஞ்சம் கீரைப் பொரியல் வைப்போம். தொடாவிட்டாலும் சரி. புது ருசி பழக எட்டு முதல் பதினைந்து தடவைகூட ஆகலாம் என்கிறார்கள். முருங்கைக்கீரை உருவும் வேலையையும் மகளிடமே கொடுத்தோம். முதலில் முகர்ந்து பார்த்தாள், அப்புறம் ஒரு இலையைக் கடித்தாள். இப்போது கீரை அடையைக் கேட்டு வாங்கிச் சாப்பிடுகிறாள்.

பாலையும் கவனியுங்கள். ஒரு வயதுக்கு மேல் நாளுக்கு அரை லிட்டருக்கு மேல் போனால் வயிறு அதிலேயே நிரம்பிவிடும், இரும்புச்சத்தும் குறையலாம். எடை இறங்கினாலோ, விழுங்கவே சிரமப்பட்டாலோ குழந்தை மருத்துவரிடம் தாமதிக்காமல் காட்டுங்கள்.